இடது கையால் அணைத்த சூடம்

காரைக்குடியில் ஒரு கடலை எண்ணெய் மில்லின் கேட்டில் உட்கார்ந்திருந்த பெத்தனிடம், வலது கை எப்படிப் போயிற்று என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "வண்டிச் சக்கரம் ஏறிருச்சுய்யா." கேட்டவர் அடுத்த கேள்வியைத் தொடங்குவதற்குள், "உள்ள யாரப் பாக்கணும்?" என்று அவரே கேட்டுவிடுவார்.

அது பொய் என்பது மில்லில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். தொழிற்சங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்த எனக்கும் தெரியும். தெரிந்தும் எதுவும் நடக்காமல் போனது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். நான் நேரில் பார்த்தவற்றை அப்படியே எழுதியிருக்கிறேன். கேட்டவற்றை யார் சொல்லிக் கேட்டேன் என்பதோடு எழுதியிருக்கிறேன்.

பெத்தன் சாக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர். மழை இல்லாத வருஷங்களில் வயலை நம்ப முடியாது என்று மில் வேலைக்கு வந்தவர். சின்ன மில். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். சங்கமும் அங்கே கிடையாது. கடலை உடைக்கிற மெஷினும் எண்ணெய் பிழிகிற மெஷினும் ஒரே மோட்டாரில் பெல்ட் போட்டு ஓடின. ஓடுகிற பெல்ட்டைச் சுற்றி ஆள் கை படாமல் கம்பி வலை மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த மில்லில் பெல்ட் அடிக்கடி நழுவியது. நழுவும்போதெல்லாம் வலையைக் கழற்றி மாட்டினால் வேலை கெடுகிறது என்று கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். கழற்றச் சொன்னவர் முதலாளி அழகுசுந்தரம். இதை எனக்குச் சொன்னது அதே மெஷினில் நின்ற பூமிநாதன்.

1966ஆம் வருஷம் மாசி மாதம், கடலை வரத்து அதிகமாக இருந்த நேரம். நழுவிய பெல்ட்டை ஓட்டத்திலேயே ஒரு கட்டையால் தள்ளி ஏற்றப் போனார் பெத்தன். சட்டைக் கையைப் பெல்ட் பிடித்து இழுத்தது. பூமிநாதன் மோட்டாரை நிறுத்துவதற்குள் முன்னங்கை முழுக்க நசுங்கிவிட்டது.

உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தகவல் போகும், பின்னாலேயே பாக்டரி இன்ஸ்பெக்டர் வருவார் என்று பயந்து, அழகுசுந்தரம் தன் காரிலேயே அவரை மதுரைக்குக் கொண்டு போனார். போகிற வழியிலேயே பேச்சு முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வண்டிச் சக்கரம் என்று எழுதிக்கொண்டார்கள். முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார்கள். அழகுசுந்தரத்தைக் கல் நெஞ்சக்காரர் என்று என்னால் எழுத முடியாது. செலவு முழுவதும் அவருடையது. கட்டில் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்து, பெத்தனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டிருக்கிறார். பெத்தனின் மனைவி ராக்காயியே அதை மறுக்கவில்லை. "ஊட்டுனாரு. நான் இல்லேங்கல. அந்தக் கஞ்சிதேன் இன்னமும் தொண்டையில நிக்கிது" என்பாள்.

ஊர் திரும்பிய பிறகு சத்தியம் நடந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரம் எழுதி மீறுகிறவர்கள் உண்டு. கருப்பர் முன்னால் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை மீறுகிறவர்கள் அபூர்வம். தரையில் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். முதலாளி முதலில் அணைத்தார். "நான் உசிரோட இருக்க மட்டும் என் மில்லு கேட்டுல பெத்தனுக்கு எடம் உண்டு, இன்னைக்கு வாங்குற கூலி உண்டு." அடுத்து பெத்தன். "மொதலாளி உசிரோட இருக்க மட்டும் மில்லுல அடிபட்டதுன்னு என் வாயால சொல்லமாட்டேன். கேசுக்குப் போகமாட்டேன்." வலது கை இல்லை. இடது கையால் அணைத்தார். இந்த வார்த்தைகளை ராக்காயியிடமும் பூசாரி சின்னக்கருப்பனிடமும் தனித்தனியே கேட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அன்றிலிருந்து பெத்தனுக்குக் கேட்டில் ஒரு ஸ்டூல். லாரி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். கூலி, அடிபட்ட அன்றைக்கு வாங்கியது. மற்றவர்களுக்கு அடுத்தடுத்து உயர்ந்தது. பெத்தனுக்கு உயரவில்லை. கேட்டால் முதலாளி, "இன்னைக்கு வாங்குற கூலின்னுதானே சொன்னேன்? கூட்டிக் குடுத்தாலும் சொல்லு மாறுனதாத்தானே அர்த்தம்?" என்பாராம்.

ராக்காயிக்கு நாட்டரசன்கோட்டை பிறந்த ஊர். அங்கே அவள் அண்ணன் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் இடம் கிடந்தது. இரண்டு கறவை எருமை வாங்கிக் கட்டினால் தானே பால் கறந்து ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம், அவர் ஒற்றைக் கையோடு ஊரார் முன்னால் சலாம் போட்டு உட்கார வேண்டாம் என்பது அவள் கணக்கு. எருமைக்குத்தான் வழி இல்லை.

1967 கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் அவள் சோறு கொண்டு போனபோது, கேட்டில் ஓர் ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேதுபதி என்று பெயர், இன்சூரன்ஸ் ஏஜெண்டு. முதலாளி உள்ளே கூப்பிடக் காத்திருந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தார். அங்கே நடந்த பேச்சை ராக்காயி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்.

"மகராசன் மில்லுப்பா இது! வருசம் தவறாமப் பாலிசியப் புதுப்பிக்கிறேன், இதுவரைக்கும் ஒரு கேசு கிடையாது."

"என்ன பாலிசிங்கய்யா?" என்று கேட்டார் பெத்தன்.

"வேலையாளுக்கு அடிபட்டா நஷ்டஈடு குடுக்குற பாலிசி. கம்பெனி குடுக்கும். மொதலாளி மடியில இருந்து சல்லிக் காசு போகாது." அப்போதுதான் அவர் பெத்தனின் கையைப் பார்த்திருக்கிறார். "ஆமா, கை என்னப்பா ஆச்சு?"

"வண்டிச் சக்கரம் ஏறிருச்சுய்யா."

"அடப்பாவி! ரோட்டுல போயா குடுத்துட்டு வந்த? இந்தக் கேட்டுக்கு உள்ளாற பட்டிருந்தா உனக்கு ஒரு நல்ல தொக வாங்கிக் குடுத்திருப்பேனே!"

ராக்காயி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். பெத்தன், "உள்ள யாரப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டார். ஏஜெண்டு சிரித்துக்கொண்டே, "அதான் சொன்னேனே, மொதலாளியன்னு" என்று உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ராக்காயி புருஷனை முதலாளி முன்னால் கொண்டு போய் நிறுத்தினாள்.

"காசு ஒங்க காசு இல்லையாமே மொதலாளி. கம்பெனிக்காரன் குடுப்பானாம்ல. கருப்பர்கிட்ட வந்து இவுக சத்தியத்த எடுத்துவிடுங்க. நாங்க எங்குட்டாச்சும் போயிப் பொழச்சுக்கிறோம்."

அழகுசுந்தரம், "கம்பெனி சும்மா குடுக்குமா? எப்படிப் பட்டுச்சு, எந்த மெஷினு, வலை எங்கேன்னு கேப்பான். அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பான். அவன் கேட்டா இன்ஸ்பெக்டரு கேப்பாரு. மில்லப் பூட்டிட்டா மத்தவன் வயித்துக்கு என்ன பண்ணுவான்?" என்றார்.

"அப்ப இவுக வயிறு?"

"அதுக்குத்தானே சூடம் அணைச்சிருக்கேன். எடுக்கச் சொல்லாத ஆத்தா. அவன் சொல்ல நான் எடுத்துவிட்டா என் சொல்லும் போச்சு."

மறுவாரம் இரண்டு பேரும் சங்க ஆபீசுக்கு வந்தார்கள். செயலாளர் பீர் முகம்மது இருந்தார். ராக்காயி எல்லாவற்றையும் சொன்னாள். பெத்தன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் எளிது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். தரவில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குள் மதுரையில் கமிஷனரிடம் மனுக் கொடுக்கலாம். என் உரிமையை விட்டுவிட்டேன் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. பெத்தனுக்கு மாசி வரை நேரம் இருந்தது.

"மில்லுல அடிபட்டுச்சுன்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தார் பீர் முகம்மது.

"வச்சுக்கிறது நீங்க, பாய். நான் ஒன்னும் சொல்லல."

"சரிப்பா, நானே வச்சுக்கிறேன். எழுதிக் குடுத்ததே செல்லாதுங்குது சட்டம். வாயால சொன்னது எப்படிச் செல்லும்?"

"சட்டத்துல செல்லாது பாய். அங்குட்டு?" பெத்தன் மோவாயால் கோயில் இருந்த திசையைக் காட்டினார். "நீங்க சொல்லுங்க. ஒங்காளுக குரான் மேல சத்தியம் பண்ணிட்டு மாறுவாகளா?"

பீர் முகம்மது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மாறுறவனும் இருக்கான்."

"அவன் வீட்டுல பொண்ணு எடுப்பீகளா?"

"மாட்டேன்" என்றார் பீர் முகம்மது. நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை மூடி வைத்தேன்.

அப்போதுதான் ராக்காயி அதைக் கேட்டாள். "ஏண்ணே, சத்தியம்னா சோத்துக் கைல தானே பண்ணணும்? இவுக பீச்சாங்கையிலதானே அணைச்சாக? அது எப்படிச் சத்தியமாகும்?"

பெத்தன் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். இந்த யோசனை அவருக்கும் புதிது என்பது முகத்தில் தெரிந்தது. கோயிலுக்குக் கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால்தான் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பீர் முகம்மது என் பக்கம் சாய்ந்து, "மதுரைக் கமிஷனருக்கு இந்தப் பாயிண்ட் தோணாது" என்றார் மெதுவாக. பெத்தன்கூடச் சிரித்தார். "கேட்டுப் பாப்போம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போனபோது நானும் போனேன். பூசாரி சின்னக்கருப்பன் அருவாள்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். ராக்காயி கேட்டதும் அவர் மற்ற அருவாள்களுக்கும் வைத்து முடித்தார்.

"அன்னைக்குச் சூடம் அணைச்ச பொறவு துன்னூறு குடுத்தேனே, பெத்தா. எந்தக் கையில வாங்குன?"

பெத்தன் தன் இடது கையைப் பார்த்தார்.

"பீச்சாங்கைன்னு நான் மடக்கிக்கிட்டனா? குடுத்தேன்ல? கருப்பன் குடுத்தான், நீ வாங்கிப் பூசிக்கிட்ட. கை இல்லாதவனுக்கு இருக்கிற கைதேன் சோத்துக் கை." பிறகு குரலைத் தாழ்த்தி, "எடுக்கணும்னா ஒரு வழிதேன். சொன்ன ரெண்டு பேரும் ஒன்னா வந்து நிக்கணும். அவர இழுத்துக்கிட்டு வா, நான் எடுத்துவிடுறேன்" என்றார்.

முதலாளி வரமாட்டார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். திரும்பும்போது ராக்காயி முன்னால் வேகமாக நடந்தாள். பெத்தன் என்னிடம், "நல்ல பூசாரி. பொய் சொல்லத் தெரியல" என்றார்.

ராக்காயி அதோடு விடவில்லை. தை பிறந்ததும் தனியாக ஆபீசுக்கு வந்தாள். "சூடம் அணைச்சது அவுக. நான் அணைக்கலயே? எனக்கு வாய் இருக்குல்ல?" என்றாள். அவள் சொல்லச் சொல்ல, பெல்ட்டுக்கு வலை இல்லாததையும், தன் புருஷன் கை அதில் போனதையும் பாக்டரி இன்ஸ்பெக்டருக்கு மனுவாக எழுதினேன். நஷ்டஈட்டு மனுவைப் பெத்தன்தான் கொடுக்க முடியும். ஆனால் இன்ஸ்பெக்டரே வந்து, மில்லில் நடந்ததுதான் என்று எழுதிவிட்டால், பெத்தன் வாய் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

இன்ஸ்பெக்டர் தை மாதக் கடைசியில் வந்தார். அவர் வருகிற செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது. காலையிலேயே பெல்ட்டுக்குப் புது வலை மாட்டியிருந்தார்கள். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை என்றார் பூமிநாதன். இன்ஸ்பெக்டர் பூமிநாதனையும் மற்றவர்களையும் கேட்டார். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது பூமிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டார். கடைசியில் இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு வந்தார்.

அன்று நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். ராக்காயி என் பக்கத்தில் நின்றாள். அங்கே பேசியது முழுவதும் காதில் விழுந்தது.

"ஒன் பேரு பெத்தனா? கை இந்த மில்லுல போச்சாமே. உண்மையா?"

பெத்தன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். முதலாளி இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றார். பெத்தன் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் பார்த்தார்.

"சொல்லுப்பா. பயப்படாத. நீ சொன்னா நான் எழுதிக்கிறேன்."

"வண்டிச் சக்கரம் ஏறிருச்சுய்யா."

"ஒம் பொண்டாட்டி மனுப் போட்டிருக்காளே?"

"அவளுக்கு என்னங்கய்யா தெரியும். வீட்டுல இருக்கவ."

இன்ஸ்பெக்டர் அதை எழுதி, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். ராக்காயி டீக்கடையிலிருந்து நேரே ரோட்டைத் தாண்டிப் போய்ப் பெத்தன் முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். தூக்குச்சட்டியை ஸ்டூலின் மேல் வைத்தாள். "தின்னுங்க. வண்டிச் சக்கரத்தோட பொண்டாட்டி கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

மாசி போயிற்று. மனுக் கொடுக்கும் கெடுவும் அதோடு போயிற்று. ராக்காயி அந்த வருஷம் முழுவதும் அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

1973இல் மில்லை மூடினார்கள். கரண்ட் வெட்டும் கடலைத் தட்டுப்பாடும் சேர்ந்து வந்த சமயம். மெஷின்களைக் கழற்றி விற்றார்கள். மற்ற ஆட்கள் வேறு மில்களுக்குப் போனார்கள். பெத்தன் போகவில்லை. போக முடியாது. முதலாளி சொன்ன சொல்லில் 'கேட்டுல' என்று இருந்தது. கேட்டில் உட்கார்ந்தால் கூலி. எழுந்து போனால் கூலி இல்லை. மில் இல்லாத கேட்டில் அவர் காலையில் வந்து உட்கார்ந்து சாயங்காலம் எழுந்து போனார். திறக்கவும் மூடவும் எதுவும் இல்லை. வெயில் ஏறினால் ஸ்டூலை இங்குட்டுத் தள்ளிப் போடுவார், இறங்கினால் அங்குட்டு.

அழகுசுந்தரமும் விடவில்லை. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகும் மாதம் பிறந்தால் ரிக்‌ஷாவில் வந்து கூலியைத் தன் கையால் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கும் இடது கைதான் மிச்சம். ஒருமுறை நான் அந்த வழியாகப் போனபோது ரிக்‌ஷாவில் அவரும் ஸ்டூலில் இவருமாக இருந்தார்கள்.

"பெத்தா, நீ ஒரு தடவ மீறியிருந்தீனா நானும் தப்பிச்சிருப்பேன்டா. என் மகங்க, இல்லாத மில்லுக்கு வாட்சுமேனான்னு சிரிக்கிறானுக."

"நீங்க மொதல்ல மீறுங்க மொதலாளி. நான் பின்னாடியே வாரேன்."

"போடா. எனக்கு ஒரு பக்கம்தான் விழுந்திருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ரிக்‌ஷாக்காரர் வண்டியைத் திருப்பினார்.

1977 ஆவணியில் அழகுசுந்தரம் இறந்தார். மகன்கள் இடத்தை விற்றார்கள். கேட்டையும் பிடுங்கினார்கள். காரியம் முடிந்த மறுநாள் பெத்தனும் ராக்காயியும் சங்க ஆபீசுக்கு வந்தார்கள். கெடு முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தைக் கமிஷனர் மன்னிக்கலாம் என்று சட்டத்தில் ஓர் இடம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம் என்றார் பீர் முகம்மது. அவருக்கும் தலை நரைத்திருந்தது. "நடந்ததச் சொல்லு பெத்தா. இப்ப ஒன்னத் தடுக்க யாரும் இல்ல."

பெத்தன் தொண்டையைச் செருமினார். "மாசி மாசம். மத்தியானம். வண்டிச் சக்கரம்..." என்று சொல்லி நின்றார்.

நாங்கள் காத்திருந்தோம். அவர் மறுபடி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

"பெல்ட்டு" என்றாள் ராக்காயி. "பெல்ட்டுய்யா. சொல்லுங்க."

"பெல்ட்டு" என்றார் பெத்தன். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. கட்டை எங்கே இருந்தது, வலை எங்கே சாய்ந்திருந்தது, சட்டை என்ன நிறம், பூமிநாதன் என்ன கத்தினான், எல்லாம் சொன்னார். என் கை வலிக்கும் வரை எழுதினேன்.

மதுரையில் கமிஷனர் பொறுமையாகத்தான் கேட்டார். சத்தியத்தைத் தாமதத்துக்குக் காரணமாக ஏற்க முடியாது என்றார். முதலாளியின் மகன்களுடைய வக்கீல், இன்ஸ்பெக்டர் எழுதி வாங்கிய காகிதத்தின் நகலை நீட்டினார். "இது உங்க ரேகையா?" என்று கமிஷனர் கேட்டார். "ஆமாங்கய்யா" என்றார் பெத்தன். பாலிசி மில்லோடு எப்போதோ முடிந்திருந்தது. மனுத் தள்ளுபடியாயிற்று.

காரைக்குடி பஸ்ஸில் திரும்பினோம். மேலூர் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். வாயாடி மனுஷர். "என்னண்ணே, கை என்ன ஆச்சு?"

ராக்காயி சட்டென்று பெத்தனைப் பார்த்தாள்.

"மில்லு பெல்ட்டுல போச்சுப்பா" என்றார் பெத்தன்.

"அடடா. நஷ்டஈடு ஏதும் குடுத்தாகளா?"

"குடுத்தாகளே" என்றாள் ராக்காயி. "ஒரு ஸ்டூலு. வீட்டுலதேன் கெடக்கு. காரைக்குடிக்கு மூணு டிக்கெட்டக் குடு."